மிச்சமுள்ள 15 விழுக்காடு

இணையவழி விற்கப்படும் மிதிவண்டிகளின் விவரப்பட்டியலில் "85 விழுக்காடு பொருத்தப்பட்டது" என்றொரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. இந்தியச் சந்தையில் அது ஏறக்குறைய ஒரு தரச்சான்று போலவே வழங்கி வருகிறது. எதனுடைய 85 விழுக்காடு என்று எவரும் கேட்பதில்லை. எடையிலா, உதிரிகளின் எண்ணிக்கையிலா, செலவான உழைப்பிலா என்பதற்கு விளக்கமும் இருப்பதில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு விதமாகத் தெரியும். சட்டகம், பின்சக்கரம், சங்கிலி, கியர்கள் ஆகியவை பூட்டப்பட்டிருக்கும். ஹேண்டில்பார் கம்பிவடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். முன்சக்கரம் சட்டகத்தின் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கும். இருக்கை தனியே, மிதிகள் சிறு பெட்டியொன்றில் தனியே. அதாவது ஓட்டுபவரின் கை, இடுப்பு, கால் ஆகியவை வண்டியைத் தொடும் இடங்கள் அனைத்தும், வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய முன்பகுதியும், மிச்சமுள்ள 15 விழுக்காட்டில்தான் அடங்கியிருக்கின்றன.

கரக்பூரில் உலோகவியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் மாணவி ஒருவருக்கு மழைக்காலத்தின் இறுதியில் அத்தகைய பெட்டியொன்று வந்து சேர்ந்தது. அதிகாலையில் நெடுஞ்சாலை வழியே கங்சாபதி ஆற்றுப் பாலம் வரை சென்று திரும்ப வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. அவருடைய ஆய்வுப்பொருளோ அலுமினியக் கலவைகளின் சோர்வு முறிவு. ஒருமுறை எளிதாகத் தாங்கிவிடும் சுமையே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது, கண்ணுக்குப் புலப்படாத விரிசல் ஒன்று வளர்ந்து உலோகம் சட்டென்று ஒடிவதைப் பற்றிய துறை. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் குறைவான சுமையை அது நடைமுறையில் முடிவின்றித் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. இதை வரைபடமாக எத்தனையோ முறை வரைந்தவர், தம் உயிரைத் தாங்கப்போகும் ஒரு போல்ட்டை அதுவரை தம் கையால் முடுக்கியதில்லை.

பெட்டியில் இருந்த கையேடு, பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டே வண்டியைப் பொருத்த வேண்டும் என்று முதற்பக்கத்தில் எச்சரித்துவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து அதை வீட்டிலேயே செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கியது. இத்தகைய கையேடுகளில் இது வழக்கந்தான். பொறுப்பு ஒரு பக்கத்திலும் வேலை மறு பக்கத்திலும் அச்சிடப்படுகின்றன.

இந்த வேலை முன்பு யாருடையதாக இருந்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. வங்கத்தின் அசன்சோலுக்கு அருகே கன்யாப்பூரில் 1950களின் தொடக்கத்தில் சென்-ராலே ஆலை மிதிவண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1980இல் அது அரசுடைமையானது. லூதியானாவில் ஹீரோ நிறுவனம் 1956இல் மிதிவண்டித் தொழிலில் இறங்கியது. இத்தகைய ஆலைகளிலிருந்து புறப்பட்டவை பெரும்பாலும் முழு வண்டிகள் அல்ல. பிரித்த நிலையில் கடைகளுக்கு வந்த உதிரிகளைக் கடையின் பிட்டர்தான் வண்டியாக்கினார். சக்கரத்தின் கோட்டம் எடுத்தார், பேரிங்குகளுக்கு கிரீஸ் வைத்தார், பிரேக்கைச் சீர்செய்தார். வாங்கியவருக்குக் கிடைத்த ரசீதில் அவருடைய உழைப்புக்குத் தனி வரி இருந்ததில்லை. ஆலை வண்டியைச் செய்தது என்றே எல்லோரும் சொன்னார்கள். இப்போது விற்பனை இணையத்துக்கு இடம்பெயர்ந்ததும் அந்தப் பணி மறைந்துவிடவில்லை. வாங்குபவரின் அறைக்கு அது அனுப்பப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ரசீதில் இன்றும் அதற்கு வரி இல்லை.

விடுதித் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாள்களை விரித்து அவர் வேலையைத் தொடங்கினார். முதற்சிக்கல் கவையில் எழுந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் அந்த ஃபோர்க், பெட்டியின் நீளத்துக்குள் வண்டி அடங்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பப்பட்டிருந்தது. அப்படியே சக்கரத்தை மாட்டினாலும் வண்டி ஓடும். ஓடுகிறது என்பதாலேயே இந்தப் பிழை பலர் கண்ணில் படுவதில்லை. கவை திரும்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டப்படும் வண்டிகளை நகரங்களில் காணலாம். கவையின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கி இருந்தால் முன்சக்கரம் சட்டகத்தை நெருங்கிவரும், திருப்பத்தில் கால்விரல் சக்கரத்தில் உரசும், திருப்புதலின் இயல்பே மாறிவிடும். பிரேக் கவைக்கு முன்புறம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மிதிவண்டியை நன்கறிந்ததாக எண்ணியவர்களுள் பலர் அதன் சட்டகத்தையும் மிதியையும் சங்கிலியையும் சரியாகக் குறிக்கத் தடுமாறினர். சங்கிலி இரு சக்கரங்களையும் இணைக்கிறது என்று வரைந்தவர்களும் உண்டு. அப்படி ஒரு வண்டி இருந்தால் அதைத் திருப்பவே முடியாது. நாள்தோறும் காணும் பொருளை நாம் அறிந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை, அதைப் பிரித்துப் பூட்டும் நாள் வரை கேள்விக்கு உள்ளாவதில்லை.

மிதிகளில் வேறொரு பாடம் இருந்தது. வலப்பக்க மிதியின் மரை வழக்கமானது. இடப்பக்க மிதியின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இரண்டையும் முடுக்க, ஸ்பேனரின் மேல்முனையை வண்டியின் முன்பக்கம் நோக்கித் திருப்ப வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இதை அறியாமல் இடதுமிதியை வலப்பக்கக் கிராங்கில் வலிந்து திருகுவோர் கிராங்கின் மரையை அழித்துவிடுகிறார்கள். மிதியின் அச்சு எஃகு, கிராங்கோ மென்மையான அலுமினியம். தோற்பது எப்போதும் கிராங்குதான்.

ஏன் இந்த ஏற்பாடு? பென்சில் ஒன்றைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்து அதன் நுனியை வட்டமாகச் சுழற்றினால், பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் உருட்டிக்கொள்வதை உணரலாம். மிதிக்கும் காலின் சுமை சுற்றிச்சுற்றி வருவதால் மிதியின் அச்சும் தன் துளைக்குள் அவ்வாறே மிக நுண்ணிய அளவில் உருள்கிறது. மரையின் திசை பொருந்தியிருந்தால் அந்த உருளல் மிதியை இறுக்கும்; இல்லையெனில் ஊர் போய்ச் சேருவதற்குள் கழற்றிவிடும். 1900இல் ஓஹையோவின் டேட்டனில் மிதிவண்டி செய்து விற்றுக்கொண்டிருந்த சகோதரர் இருவர், கழன்று வராத மிதி தங்கள் வண்டியில் உண்டு என்று அறிவித்தனர். மூன்றாண்டுகள் கழித்து வேறு காரணத்துக்காக உலகம் அவர்களை அறிந்துகொண்டது. ரைட் சகோதரர்களின் வானூர்தியிலும் சுழல்விசிறிகளை இயக்கியவை சங்கிலிகளே என்பதையும், இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழல வேண்டி ஒரு சங்கிலியை அவர்கள் குறுக்காக மாட்டினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

தமிழில் இந்த எதிர்மரைக்கு இடம்புரி என்று பெயர் சூட்டத் தோன்றும். ஆனால் சங்கு நம்மைத் தடுக்கிறது. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு விலங்கியலாளர் கணக்கில் இடச்சுற்று. ஓட்டின் எந்த முனையை மேலே பிடித்துப் பார்ப்பது என்பதில்தான் வேறுபாடு. ஆக வலம்புரிச் சங்கின் சுருளும் இடதுமிதியின் மரையும் ஒரே திசையைச் சேர்ந்தவை. கலைச்சொல் ஆக்குவோர் கவனத்துக்கு.

அடுத்தது ஹேண்டில்பார். அதைச் சட்டகத்தோடு இணைக்கும் ஸ்டெம் என்ற சிறு துண்டின் முகத்தகட்டில் நான்கு போல்ட்டுகள். நான்கையும் குறுக்காக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டும். தகட்டின் மீது 5 நியூட்டன் மீட்டர் என்று பொறிக்கப்பட்டிருந்தது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயின் முனையில் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. ஆண்மகன் ஒருவர் "நன்றாக முடுக்குகிறேன்" என்று இறங்கினால் அதைப்போல் இருமடங்கைப் பேச்சுவாக்கில் கடந்துவிடுவார். குறைந்தால் பள்ளத்தில் சக்கரம் விழும் கணத்தில் ஹேண்டில்பார் சுழலும். மிகுந்தால் அன்று ஒன்றும் ஆகாது. அலுமினியத்தில் தழும்பு ஒன்று பதிந்து, அதிலிருந்து விரிசல் தொடங்கி, பல மாதங்களுக்குப் பின் ஏதோ ஒரு காலையில் கணக்கு முடிக்கப்படும். அந்த மாணவி ஆய்வகத்தில் பார்த்து வந்த முறிவுப் பரப்புகளில் பல இப்படித் தொடங்கியவைதாம்.

ஆகவே ஆய்வகத்திலிருந்து முறையாக எழுதிக் கொடுத்து டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் பெற்றுவந்தார். குறித்த அளவை எட்டியதும் 'கிளிக்' என்று ஒலியெழுப்பும் கருவி. அந்த ஒலி தரும் நிம்மதியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அது அளப்பது முறுக்கும் முயற்சியைத்தான். போல்ட் உண்மையில் எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்பதை அன்று. முயற்சியின் பெரும்பகுதி மரையிலும் தலையடியிலும் உள்ள உராய்வை வெல்வதிலேயே செலவாகிவிடுகிறது. மரையில் கிரீஸ் தடவியிருந்தால் ஒரு விளைவு, துரு இருந்தால் வேறு விளைவு. கருவி காட்டும் எண் மட்டும் மாறாது. ஆய்விதழின் தாக்க மதிப்பெண்ணைக் கொண்டு கட்டுரையின் தரத்தைச் சொல்வதற்கு நெருங்கிய உறவு இது.

கருவியால் தீராத இடம் ஹெட்செட். கவையின் தண்டு சட்டகத்தினுள் சுழலும் பேரிங்குகளின் தொகுதி அது. உச்சியில் மூடி ஒன்றும் அதில் ஒற்றை போல்ட்டும் இருக்கும். பார்ப்பவர் எவரும் அதுதான் கவையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பார். அதன் வேலை பேரிங்குகளின் தளர்ச்சியை அகற்றுவது மட்டுமே. பிடிப்பவை ஸ்டெம்மின் பக்கவாட்டில் உள்ள இரண்டு போல்ட்டுகள். மூடியை முதலில் அளவாக முடுக்கி, ஸ்டெம்மைச் சக்கரத்தோடு நேராக்கி, பிறகே பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். மூடியை எவ்வளவு முடுக்குவது? கையேடு இங்கே எண்ணைக் கைவிட்டு, ஆட்டம் இருக்கக் கூடாது, திருப்புவதில் தடையும் இருக்கக் கூடாது என்று உரைநடைக்கு மாறிவிடுகிறது. அவர் முடுக்கினார், தளர்த்தினார், முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். ஏதோ ஆடுவது போலிருந்தது. அது ஹெட்செட்டா, பிரேக்கா, சக்கரமா என்று பிரித்தறிய முடியவில்லை.

வளாக வாயிலுக்கு வெளியே, தார்ப்பாய்க்கு அடியில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களின் வண்டிகளைப் பழுதுபார்த்து வருபவரிடம் அதைத் தள்ளிச் சென்றார். வங்காளமும் இந்தியும் கலந்து பேசும் மனிதர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "திதி, இதை நீங்களே பூட்டினீர்களா?" என்றார். ஆம் என்றதும், முன்பகுதியை நான்கு விரற்கடை உயரத்துக்குத் தூக்கித் தரையில் விட்டார். மறுபடியும் விட்டார். பிறகு ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்தபடி, கவையும் சட்டகமும் சந்திக்கும் இடைவெளியில் இடக்கை விரல்களை வைத்துக்கொண்டு வண்டியை அசைத்தார்.

"விரலை இங்கே வையுங்கள். தெரிகிறதா?"

"ஒன்றும் தெரியவில்லை, தாதா."

"பொறுங்கள்." மூடியின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினார். மீண்டும் அசைத்தார். "இப்போது?"

நகத்தின் விளிம்பில் மிக மெல்லிய தட்டல் ஒன்று தெரிந்தது. போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கியதும் மறைந்தது. தளர்ந்த நிலை எப்படித் தோன்றும் என்பதைக் கை முதலில் அறிந்தால்தான் சரியான நிலையை அதனால் அறிய முடியும். கையேடு சரியான நிலையை மட்டுமே விவரித்திருந்தது. அந்தப் பெரியவர் வேண்டுமென்றே தவறான நிலையை உண்டாக்கிக் காட்டினார்.

மைக்கேல் போலான்யி, சொல்லால் முற்றிலும் வெளிப்படுத்த இயலாத அறிவுக்கு மிதிவண்டி ஓட்டுதலை எடுத்துக்காட்டாக்கியது ஆய்வுலகம் நன்கறிந்தது. ஓட்டுபவரைப் பற்றித் தத்துவவாதிகள் எழுதினார்கள். பூட்டியவர் பக்கம் கண்கள் அவ்வளவாகத் திரும்பவில்லை. அவருக்கு நெருக்கமான சான்று ஹாரி காலின்ஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. டிஇஏ லேசர் என்ற கருவியைத் தாமே கட்டமைக்க முயன்ற ஆய்வகங்களை அவர் ஆராய்ந்தார். வெளியான கட்டுரைகளை மட்டும் நம்பி வேலை செய்த எவரும் வெற்றிபெறவில்லை. ஏற்கெனவே ஒன்றைக் கட்டமைத்தவரோடு பழகிய குழுக்களே வென்றன. எழுதியவர்கள் எதையும் மறைத்தார்கள் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. எது முக்கியம் என்பது அவர்களுக்கே முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை.

இதைக் கொண்டு கையறிவை வழிபடத் தொடங்கினால் அடுத்து நிகழ்ந்ததைச் சொல்ல முடியாது. ஹெட்செட்டைச் சரிசெய்த கையோடு ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டை இறுக்க, அவர் தம் பட்டறையின் நீண்ட கைப்பிடி கொண்ட கீயை எடுத்தார். தோள் இறங்கியது. மாணவி அவசரமாகக் கையை நீட்டித் தடுத்துவிட்டார். அது மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். சில நொடிகள் இருவரும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தத் தோள் கற்றது எஃகின் மொழி. கனத்த சட்டகம், எஃகு ஹேண்டில்பார், சுத்தியலால் அடித்து இறக்கும் காட்டர் பின். அந்த வண்டிகளில் கூடுதலாக முடுக்குவது பிழையே அன்று, பாதுகாப்பு. அந்தக் கையின் தீர்ப்பு துல்லியமானதுதான். ஆனால் வேறொரு பொருளுக்கு உரியது. உட்கிடையான அறிவைப் பற்றிய உரையாடல்களில் இந்த இடம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அத்தகைய அறிவுக்கும் காலமும் பொருளும் உண்டு, எஃகிலிருந்து அலுமினியத்துக்கு வரும்போது அதுவும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

பெரியவர் ஸ்டெம்மை விரல்நகத்தால் சுண்டிப் பார்த்தார். "இது நம்ம லோகா இல்லை" என்றார். லோகா என்றால் வங்காளத்தில் இரும்பு. பிறகு அவருடைய பையிலிருந்து எட்டிப் பார்த்த டார்க் ரெஞ்சைச் சுட்டி, அது என்ன என்று கேட்டார். விளக்கியதும் வாங்கி, எண்ணைத் தம் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, மெதுவாக முடுக்கினார். கிளிக் என்றது. "இவ்வளவுதானா?" என்று சிரித்தார். போல்ட்டைத் தளர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. மூன்றாவது முறை கருவியை வைத்துவிட்டுத் தம் குட்டையான கீயால் முடுக்கி, பிறகு கருவியை வைத்துச் சோதித்தார். சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது, தளர்த்தி மறுபடியும் செய்தார்.

பின்சக்கரத்தில், ஆலையிலேயே பொருத்தி வந்த அந்த 85 விழுக்காட்டில், இலேசான கோட்டம் இருந்ததையும் அவர்தான் கண்டார். பிரேக் கட்டையின் அருகே விரலை நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினால் ஓரிடத்தில் மட்டும் ரிம் விரலை உரசிச் சென்றது. இரண்டு ஆரக்கம்பிகளை அரைச் சுற்று முடுக்கி, எதிர்ப்புறத்தில் இரண்டைத் தளர்த்தினார். கியர் மாற்றியைத் தாங்கும் சிறு தகடு போக்குவரத்தில் வளைந்திருக்கிறதா என்று வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அது வளைந்திருந்தால், ஏறுமுகத்தில் சங்கிலி நழுவி ஆரக்கம்பிகளுக்குள் பாயக்கூடும். வளைவில்லை. வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கும் இடக்கைப் பிரேக் பின்சக்கரத்துக்கும் போகிறதா என்று இரண்டையும் அழுத்திப் பார்த்தார். இந்தியாவில் பெரும்பாலும் அப்படித்தான். ஐரோப்பியச் சந்தைகள் பலவற்றுக்கான வண்டிகளில் மாறி இருக்கும்.

காற்றடிக்கப் போனபோது பட்டறையின் பம்பு பொருந்தவில்லை. சாலை மிதிவண்டியின் குழாய்களில் இருப்பது மெலிந்த பிரெஸ்டா வால்வு. நாட்டு மிதிவண்டிகளில் இருப்பது வேறு வகை. மாணவியின் பெட்டியில் சுண்டுவிரல் நுனியளவு பித்தளைத் துண்டுகள் இரண்டு, பிரெஸ்டா வால்வின் மேல் திருகி வேறு பம்பைப் பொருத்தப் பயன்படுபவை, வந்திருந்தன. முதலில் வால்வின் நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, அதன் மேல் பித்தளைத் துண்டைத் திருக வேண்டும் என்று அவர் காட்டினார். பெரியவர் மோட்டார் வண்டிகளுக்கு வைத்திருந்த பம்பை எடுத்துவந்தார். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணை மாணவி படித்துச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார்.

கோட்டம் எடுத்ததற்கு 60 ரூபாய் கேட்டார். ஹெட்செட்டுக்கு எவ்வளவு என்றதற்கு, அதில் தாம் எந்த உதிரியையும் மாற்றவில்லையே என்றார். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்து, நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொன்னார். புதிய கம்பிவடங்கள் அதற்குள் சற்றுத் தளர்ந்து அமர்ந்திருக்கும், போல்ட்டுகளை மீண்டும் பார்க்க வேண்டும். வரும்போது அந்தக் கிளிக் சொல்லும் ஸ்பேனரையும் எடுத்துவருமாறு கேட்டுக்கொண்டார். மாணவி பித்தளைத் துண்டுகளில் ஒன்றை அவரிடமே விட்டுவந்தார். சைக்கிள் குழாய்கள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், நூலில் கட்டி, அது இப்போது தொங்கிக்கொண்டிருக்கிறது.